அத்தியாயம் 3: பேரூராட்சி மன்றத்தின் கையில் இருப்பது

கிராம ஊராட்சித் தலைவருக்கு இருக்கும் ஓர் அதிகாரம் பேரூராட்சித் தலைவருக்குக் கிடையாது. கிராம ஊராட்சியில் மன்றம் எடுத்த முடிவைச் செயல்படுத்தும் பொறுப்பும் தலைவருடையதே. பேரூராட்சியில் அந்தப் பொறுப்பு செயல் அலுவலரிடம் இருக்கிறது. அவர் அரசு ஊழியர். பணியாளர்களுக்கு வேலை சொல்வது, ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்குவது, வரி நோட்டீஸ் அனுப்புவது எல்லாம் அவர் கையெழுத்தில்தான் நடக்கும். ஊரில் அவரை ‘ஈ.ஓ.’ என்பார்கள். புதிதாகப் பதவியேற்ற உறுப்பினர்கள் பலர் முதல் மாதத்திலேயே இதைக் கண்டு சோர்ந்துபோகிறார்கள். ஒரு தெருவிளக்கை மாற்றச் சொல்லக்கூட நமக்கு அதிகாரம் இல்லையா என்று கேட்கிறார்கள்.

அதிகாரம் இருக்கிறது, ஆனால் தனி ஆளாக இல்லை. மன்றமாகக் கூடித் தீர்மானம் போடும்போது மட்டுமே அது உயிர்பெறுகிறது. செயல் அலுவலர் எவ்வளவு வல்லவராக இருந்தாலும், மன்றத்தின் தீர்மானம் இல்லாமல் ஆண்டு வரவு-செலவுத் திட்டம் நிறைவேறாது. சந்தை ஏலம் உறுதியாகாது. எந்தத் தெருவுக்கு முதலில் சாலை என்பதும் முடிவாகாது. ஆகவே ஓர் உறுப்பினர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலை, தீர்மானத்தைப் படிக்கவும் எழுதவும் தெரிந்துகொள்வது. இந்த அத்தியாயம் முழுவதும் அதைச் சுற்றியே நகரும்.

பேரூராட்சி எங்கிருந்து வந்தது

இந்திய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் ஊர்களுக்குத் தனியாக ஒரு மன்றம் வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் அத்தகைய அமைப்பு அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. திருத்தத்தோடு சேர்ந்து வந்த 12ஆம் அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது: குடிநீர், சாலை, சுகாதாரம், திடக்கழிவு, சேரி மேம்பாடு, பூங்கா, சுடுகாடு, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு எனப் போகிறது அந்தப் பட்டியல். ஆனால் இவற்றில் எதை, எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமே முடிவு செய்யும். நீண்டகாலம் நமக்கு அந்தச் சட்டம் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமாக இருந்தது. 1998இல் இயற்றி நிறுத்திவைத்திருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் திருத்தங்களோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான விதிகளும் அதே ஆண்டு வந்தன. பழைய அலுவலகக் கோப்புகளில் 1920 சட்டத்தின் பிரிவு எண்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். இன்று கையில் வைத்திருக்க வேண்டியது 2023 விதிகளின் பிரதி. அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரூராட்சிகளின் நிலை அடிக்கடி ஆட்டம் கண்டிருக்கிறது. 2004இல் அவற்றைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள். 2006இல் மீண்டும் பேரூராட்சிகள் ஆக்கினார்கள். தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 1996, 2001, 2011 தேர்தல்களில் இருந்தது. 2006இலும் 2022இலும் உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 மார்ச் வரை மன்றமே இல்லை, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். ஐந்தாண்டுக்கு மேல் ஓர் ஊரின் குடிநீரும் சாலையும் மக்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாமல் முடிவாகிக்கொண்டிருந்தன. மன்றக் கூட்டங்களில் கேள்வி கேட்கும் பழக்கம் பல ஊர்களில் அற்றுப்போனதற்கு அந்த இடைவெளி ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் 51. சராசரியாகப் பார்த்தால் ஒரு பேரூராட்சிக்கு 15, 16 வார்டுகள். உங்கள் வார்டில் வாக்காளர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். சட்டமன்ற உறுப்பினருக்குக் கிட்டாத நெருக்கம் இது.

யாருடைய வேலை எது

உறுப்பினரின் வீட்டு வாசலுக்கு வருகிற குறைகளில் ஏறத்தாழப் பாதி பேரூராட்சியின் வேலையே இல்லை. பட்டா மாறுதல் வருவாய்த் துறைக்கு உரியது. ரேஷன் கடை உணவு வழங்கல் துறைக்கும் கூட்டுறவுத் துறைக்கும் போகும். மின்கம்பமும் மின்தடையும் மின்வாரியம். அந்தக் கம்பத்தில் தொங்கும் தெருவிளக்கு மட்டும் நம்முடையது. பள்ளிக்கூட ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பொது சுகாதாரத் துறை. ‘அது எங்கள் வேலை இல்லை’ என்று வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எந்த அலுவலகம், எந்த அலுவலர் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். மனுவில் உங்கள் பரிந்துரை வரி ஒன்றையும் சேருங்கள். அலைச்சல் பாதி குறையும்.

சாலையில்தான் குழப்பம் அதிகம். ஊரின் நடுவே போகும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் பள்ளம் விழுந்தால் பேரூராட்சி மண் கொட்டலாமே தவிர, தார் போட முடியாது. ஆனால் அந்தச் சாலையோரச் சாக்கடையில் அடைப்பு எடுப்பது யார் என்ற கேள்வி வந்தால் இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டும். இதற்கு வழி ஒன்றுதான்: மன்றத்தில் தீர்மானம் போட்டு, நகலை நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புவது. தனி உறுப்பினரின் கடிதம் கோப்பில் தூங்கும். மன்றத் தீர்மானத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அலுவலகங்களுக்கு அதிகம்.

நீர்நிலைகளும் அப்படித்தான். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. குளம், ஊருணி, சிற்றேரி போன்றவை பெரும்பாலும் உள்ளாட்சியிடம் இருக்கும். உங்கள் பேரூராட்சியிடம் எத்தனை நீர்நிலைகள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றின் புல எண், பரப்பு என்ன என்ற பதிவேட்டை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பதிவேட்டில் இருக்கும் பரப்பையும் தரையில் இருக்கும் பரப்பையும் வட்டாட்சியர் அலுவலக நில அளவரை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக்கிரமிப்பை அகற்றக் கோரும் எந்த மனுவுக்கும் அந்த அளவீடுதான் அடிப்படை ஆதாரம்.

அண்மையில் பேரூராட்சியான ஊர் என்றால் இன்னொரு வருத்தமும் உங்களிடம் வரும். கிராமப்புற வேலை உறுதித் திட்டம் பேரூராட்சி எல்லைக்குள் கிடையாது. நூறு நாள் வேலையை நம்பியிருந்த பெண்களுக்கு அது ஒரே நாளில் நின்றுபோகிறது, வரியோ கூடுகிறது. ஊராட்சிகளை நகர்ப்புறத்தோடு இணைக்கும்போது மக்கள் எதிர்ப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது.

கூட்டத்துக்குள்

மன்றம் மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்ட அறிவிப்போடு மன்றப் பொருள் பட்டியல் உங்கள் கைக்கு முன்கூட்டியே வர வேண்டும். பல ஊர்களில் கூட்டம் தொடங்கும்போதுதான் அதைக் கொடுக்கிறார்கள், சில இடங்களில் தேநீர் முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரி. அப்படி வாங்கிய கையெழுத்து, பட்டியலில் இருந்த அத்தனை பொருளுக்கும் நீங்கள் ஒப்புதல் தந்ததாகவே பிறகு எடுத்துக்கொள்ளப்படும்.

பொருளைப் படிக்கும்போது பார்க்க வேண்டியவை சில. வேலை நடக்கும் இடம் தெருப் பெயரோடு, எங்கிருந்து எதுவரை என்று தெளிவாக இருக்கிறதா? ‘வார்டு எண் 7இல் பல்வேறு இடங்களில்’ என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள்; எந்தெந்த இடம் என்று பட்டியல் கேளுங்கள். மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, எந்த நிதியிலிருந்து? வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதா? முடிந்த வேலைக்கு மன்றத்திடம் ‘பின்னேற்பு’ கேட்பார்கள். குடிநீர்க் குழாய் உடைந்தது, மோட்டார் பழுதானது என்றால் அது நியாயமே. மன்றம் கூடும்வரை ஊர் தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் மாதந்தோறும் பட்டியலில் பெரும்பகுதி பின்னேற்பாகவே வந்தால், மன்றத்தைக் கேட்காமலே ஊர் நடக்கிறது என்று பொருள்.

ஒரு பொருளில் உடன்பாடு இல்லையென்றால் வெளிநடப்பு செய்வதைவிட, காரணத்தோடு மறுப்பைச் சொல்லி, அதை உங்கள் பெயரோடு நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். எழுத்தாகவும் கொடுத்து, பெற்றதற்கு ஒப்பம் வாங்குங்கள். வெளிநடப்பு மறுநாள் நாளிதழில் ஒரு செய்தி; பதிவான மறுப்பு, தணிக்கையாளரும் நீதிமன்றமும் பார்க்கும் ஆவணம். அடுத்த கூட்டத்தில் முந்தைய கூட்டத்தின் குறிப்பைப் படித்து உறுதி செய்யும்போது உங்கள் சொற்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். மன்றத்தில் பேசி முடித்தது ஒன்று, குறிப்பில் ஏறியது வேறொன்று என்பது நடக்கக்கூடியது. தொடர்ந்து கூட்டங்களுக்குப் போகாமல் இருந்தால் பதவியே போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016இல் வந்தது. எண்ணிக்கையில் மன்றம் மாறிவிட்டது. ஆனால் உறுப்பினரின் கணவரோ மகனோ அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவதும், உறுப்பினர் வீட்டில் இருந்தபடி கையெழுத்திடுவதும் இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. கூட்டத்தில் உட்காரவும் பேசவும் குடும்பத்தார் யாருக்கும் சட்டத்தில் இடம் இல்லை. இதைப் படிக்கும் பெண் உறுப்பினர்களுக்குச் சொல்கிறேன்: முதல் சில கூட்டங்களில் உங்களுக்குக் கணக்கும் விதியும் புரியாமல் இருப்பது இயல்பு. ஆண் உறுப்பினர்களுக்கும் புரிவதில்லை. அவர்கள் அதை வெளிக்காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். மன்றப் பொருளை முந்தின நாளே வாங்கி, உங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ கல்லூரியில் படிக்கும் பெண்ணோ ஒருவரோடு உட்கார்ந்து வரிக்குவரி படியுங்கள். சில மாதங்களிலேயே அந்த மொழி பிடிபட்டுவிடும். தண்ணீர் எந்த நேரம் வருகிறது, எந்தக் குழாயில் வரவில்லை, எந்தச் சந்தில் இருட்டு என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த அறையில் வேறு எவருக்கும் தெரியாது.

பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களும் தலைவர்களும் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. உள்ளாட்சிப் பதவியில் இருப்பவரைச் சாதியின் பெயரால் கடமை செய்யவிடாமல் தடுப்பதும் மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். நாற்காலி தராதது, கோப்பைக் காட்டாதது, கொடியேற்ற விடாதது எதுவாக இருந்தாலும் தேதியோடு எழுதிவைத்துப் புகார் கொடுங்கள். மற்ற உறுப்பினர்கள் அதற்குச் சாட்சியாக நிற்பது அவர்கள் கடமை. மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக மன்றத்தில் சேர்க்கும் திருத்தம் 2025இல் வந்திருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பணம் வரும் வழி

பேரூராட்சியின் சொந்த வருமானம் சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தை மற்றும் பேருந்து நிலைய ஏலம், உரிமக் கட்டணம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டுபவருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். இது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் வார்டில் தட்டி வைத்துச் சொன்னாலே வசூல் கூடும். தொழில் வரிக்கு அரசியலமைப்பே உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஓராண்டுக்கு ஒருவருக்கு 2,500 ரூபாய். சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரி பேரூராட்சியின் பணம் ஆகாது. அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். நிலுவை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் புதிய புத்தகம் வராததற்குக் காரணம் அந்த நிலுவையாகவும் இருக்கலாம்.

வரி விகிதத்தை உயர்த்துவது மன்றத்தின் உரிமை என்று சட்டம் சொன்னாலும், அந்த உரிமை எவ்வளவு குறுகியது என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில் அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு. 15ஆவது நிதிக்குழு தன் மானியத்துக்கு வைத்த நிபந்தனை இதன் பின்னணியில் இருந்தது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாகக் கூட வேண்டும். மன்றங்கள் தீர்மானம் போட்டன, ஆட்சேபம் கேட்டன, நிறைவேற்றின. மறுத்திருந்தால் மானியம் போயிருக்கும். என்றாலும் வரி விதிப்பில் மன்றத்துக்கு மிஞ்சியிருக்கும் இடம் ஒன்று உண்டு: ஒரே தெருவில் ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளுக்கு இரண்டு விதமாக வரி போட்டிருந்தால் அதைக் கேட்பது. வரி மேல்முறையீட்டுக் குழுவில் உறுப்பினராக இருப்பவர்கள் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். ஓட்டு வீட்டுக்காரர் முழு வரி கட்டிக்கொண்டிருக்க, நான்கு கடை கட்டி வாடகைக்கு விட்டவர் பழைய வீட்டு வரியையே கட்டிக்கொண்டிருப்பதைப் பதிவேட்டைப் புரட்டினாலே கண்டுபிடிக்கலாம்.

வெளியிலிருந்து வரும் பணத்தில் முதன்மையானது மாநில நிதிக்குழு மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறார்கள். உங்கள் பங்கு வருவதற்கு முன்பே மின்கட்டணம், குடிநீர் வாரியப் பாக்கி போன்றவற்றுக்குப் பிடித்தம் செய்வதுண்டு. அந்தப் பிடித்தக் கணக்கைக் கேளுங்கள். மத்திய நிதிக்குழு மானியத்தில் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 60 விழுக்காடு கட்டுண்ட நிதி, அதில் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. அதை எடுத்து அலங்கார வளைவு கட்ட முடியாது. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். ஊரில் வசதியுள்ள சங்கங்கள் இருந்தால் இது நல்ல வழி. வசதியில்லாத தெரு இதில் பின்தங்கிவிடும் என்பதால், பொது நிதியை அந்தத் தெருவுக்கு ஒதுக்குவதுதான் முறை.

ஆண்டுதோறும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை கணக்கைச் சரிபார்த்து அறிக்கை தருகிறது. அதில் உள்ள ‘தணிக்கைத் தடை’கள் மன்றத்தின் பார்வைக்கு வர வேண்டும். இந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்த உறுப்பினர் மிகக் குறைவு. இன்று பேரூராட்சியாக இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பதவிக்கு வர முடியாது என்கிறது. அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களுடைய சபை. அதைச் சமத்துவத்துக்கு உதாரணமாகக் காட்ட முடியாது. ஆனால் கணக்கைப் பற்றிய அந்த விதி இன்றைய மன்றத்துக்கும் பொருந்தும்.

தண்ணீர், குப்பை, கழிவு

குடிநீரில் இரண்டு சோதனைகளை நீங்களே செய்யலாம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியும் அடுத்துக் கழுவப்போகும் தேதியும் தொட்டியின் சுவரில் எழுதியிருக்க வேண்டும். எழுதிய தேதி பழையதாக இருந்தால் கேள்வி கேளுங்கள். அடுத்தது குளோரின். தொட்டியில் மருந்து கலந்தால் போதாது, கடைசி வீட்டுக் குழாயில் வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். சிறிய சோதனைப் பெட்டி ஒன்று அலுவலகத்தில் இருக்கும். தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்தே அறியலாம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீரைத் தொட்டிவரை கொண்டுவருவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து தெருவுக்கு அனுப்புவது நம் வேலை. ‘மேலேயே வரவில்லை’ என்ற பதில் உண்மையா என்று தெரிய, தொட்டிக்கு வரும் குழாயில் உள்ள மானியின் அன்றாட அளவைப் பாருங்கள்.

குப்பையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டில் பிரித்தது வண்டியில் ஒன்றாகக் கலந்தால் மறுவாரமே மக்கள் பிரிப்பதை நிறுத்திவிடுவார்கள். வண்டியோடு ஒருநாள் காலையில் உரக்கிடங்கு வரை போய்ப் பாருங்கள்.

யாரும் பேசாதது மலக்கசடு. பெரும்பாலான பேரூராட்சிகளில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு கழிவுத்தொட்டி. அது நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்கே போய்க் கொட்டுகிறது என்ற கேள்வியை மன்றத்தில் கேட்டவர் எத்தனை பேர்? ஏரிக்கரையிலும் ஓடையிலும் இரவில் கொட்டிவிட்டுப் போவதை ஊரே அறியும். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழிப் பேரூராட்சியில்தான் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அருகிலுள்ள மதுராந்தகத்தின் கசடும் அங்கே போகிறது. ஒரு சிறிய ஊரால் தனக்கும் பக்கத்து ஊருக்கும் சேர்த்து இதைச் செய்ய முடியும் என்று அது காட்டியது. கழிவுநீர் ஊர்திகளுக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும் என்பது 2022க்குப் பிறகு சட்டமாகிவிட்டது. உங்கள் ஊரில் எத்தனை ஊர்திக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள், அவை எந்த நிலையத்தில் கொட்ட வேண்டும், கொட்டியதற்கு ரசீது இருக்கிறதா என்று மன்றத்தில் கேளுங்கள்.

இதில் மனித உயிர் இருக்கிறது. கழிவுத்தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. பணம் கொடுத்தால் முடிந்துவிடும் காரியம் இல்லை இது. தூய்மைப் பணியாளர்களின் கையுறை, காலணி, மாதச் சம்பளத் தேதி, வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மன்றப் பொருளாகவே வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் மூலம் வேலை பார்ப்பவர்களுக்கு வைப்பு நிதி உண்மையில் கட்டப்படுகிறதா என்பதற்கான சீட்டைக் காட்டினால்தான் மாதப் பட்டியலுக்குப் பணம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

மனையும் கட்டடமும்

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிவரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ கட்டுகிறவர்கள் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். ஆகவே சாதாரண வீட்டுக்காக யாரையும் ‘கவனிக்க’ வேண்டிய தேவை இல்லை என்பதை உங்கள் வார்டில் உரக்கச் சொல்லுங்கள்.

மனைப்பிரிவில்தான் ஊரின் பெரிய சொத்து கைநழுவுகிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணமாகக் கட்ட வழியில்லை, இடமாகவே தந்தாக வேண்டும். அந்த இடமும் சாலைகளும் தானப் பத்திரம் மூலம் பேரூராட்சிக்கு வந்து சேரும். ஊரார் ‘பார்க் இடம்’ என்று சொல்வது இதைத்தான். பத்திரம் எழுதியும் பட்டாவில் பேரூராட்சியின் பெயர் ஏறாத இடங்கள் உண்டு. வேலி இல்லை, பலகை இல்லை. பத்தாண்டு கழித்து அங்கே யாரோ கடை கட்டியிருப்பார்கள். தானப் பத்திரங்களின் பட்டியலைக் கேட்டு, ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, பட்டா மாறாதவற்றுக்கு ஒரே தீர்மானமாகப் போட்டு வட்டாட்சியருக்கு அனுப்புங்கள். ஒரு பதவிக்காலத்தில் இது ஒன்றைச் செய்து முடித்தாலே ஊருக்குப் பெரிய நன்மை. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் வீடு வாங்கிவிட்டு சாலை கேட்டு வருபவரிடம், சாலைகள் பேரூராட்சிக்கு ஒப்படைக்கப்படாதவரை அங்கே பொதுப்பணத்தைச் செலவிட முடியாது என்ற உண்மையை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது

மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே சோதனை. சாலை போடும் நாளில் மதிப்பீட்டின் நகலோடு போங்கள். கனம் எத்தனை சென்டிமீட்டர் என்று அதில் இருக்கும். சிமெண்டு சாலையின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்தாலே தெரிந்துவிடும். தார்ச் சாலையென்றால் பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவிட்டிருக்கிறது. அதைச் செய்யாமல் மேலே மேலே போட்டுப் போட்டுத்தான் பழைய வீடுகளெல்லாம் தெருவுக்குக் கீழே இறங்கிவிட்டன, மழைநீர் வாசலுக்குள் வருகிறது. சிமெண்டு தளத்துக்கு நீராற்றுவதை யார் செய்கிறார்கள் என்று தெருவாசிகளிடமே கேளுங்கள். குறை கண்டால் ஒப்பந்ததாரரோடு தெருவில் வாக்குவாதம் செய்ய வேண்டாம். படம் எடுத்து, அன்றே செயல் அலுவலருக்கும் பேரூராட்சிகளின் மண்டல உதவி இயக்குநருக்கும் எழுதுங்கள். பணப்பட்டுவாடாவுக்கு முன் போகும் கடிதத்துக்கு இருக்கும் பலம் பின்னால் போவதற்கு இருக்காது.

மக்களை உள்ளே அழைப்பது

கிராமசபையில் எழுந்து நின்று கேள்வி கேட்டுப் பழகியவர்கள், ஊர் பேரூராட்சியானதும் அந்த மேடையை இழந்தார்கள். நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின. உங்கள் வார்டில் அது கூடுகிறதா, அதன் கோரிக்கைகள் மன்றத்துக்கு வருகின்றனவா என்று கவனியுங்கள். கூடவில்லையென்றால், கோயில் திண்ணையிலோ சமுதாயக் கூடத்திலோ நீங்களே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் போடலாம். யார் அனுமதியும் வேண்டாம். வார்டுக்கு வந்த பணம், நடந்த வேலை, நிலுவை என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். முதல் கூட்டத்தில் திட்டு விழும். அதன் பிறகு வருகிறவர்கள் வேலை செய்ய வருவார்கள்.

உறுப்பினராக இல்லாத குடிமகனுக்கும் வழி உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் அரைகுறையாக இருந்தாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலனில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘என் தெருவில் ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்விகளைத் தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வார்டில் நடந்த பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் மதிப்பீடு, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகப் பக்கங்களின் நகல், தொடர்புடைய மன்றத் தீர்மானம். நகலோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை. நடந்துகொண்டிருக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் மணல், சிமெண்டுக் கலவையின் மாதிரியைச் சான்றோடு பெறவும் அதே சட்டம் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. மனுவில் ‘பணியைப் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும் விரும்புகிறேன், நாளும் நேரமும் தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.